சீட்டுக்கு அடியில் ஒரு சத்தம்

"டிக்குன்னு ஒரு சத்தம் வருதுங்க, சீட்டுக்கு அடியில..."

"சத்தமும் இல்ல, ஒண்ணும் இல்ல. சாவியைச் சும்மா சும்மா திருப்பாதேன்னு..."

"ஒரே ஒரு தடவை. திருப்பினதும் டிக். அப்புறம் ஒண்ணுமில்ல."

"அதான் நானும் சொல்றேன், ஒண்ணுமில்லன்னு."

"அதுக்கு முன்னாடி டிக்குன்னு வருதுன்னு நான் சொல்றேன்."

மினிவேனின் ஓட்டுநர் இருக்கையில் மனைவி. திறந்திருந்த கதவுக்கு வெளியே, கையில் டார்ச் விளக்கோடு கணவர். வண்டிக்குப் பதினேழு வயது. பின்னிருக்கைகளைக் கழற்றிவிட்டு, திரைச்சீலைக் கம்பிகளையும் துணி மூட்டைகளையும் அதில் ஏற்றிக்கொண்டு போவாள் அவள். வீடுகளுக்குத் திரைச்சீலை தைத்து மாட்டிக்கொடுப்பது அவளுடைய தொழில். அவருடைய தொழில் மெக்கானிக்.

மணி ஒன்பதரை. பதினோரு மணிக்கு அவருக்குக் காதுப் பரிசோதனை. அந்த ஒரு மணி நேரத்தை வாங்குவதற்கு அவள் இரண்டரை மாதம் ஃபோனைத் தேய்த்திருந்தாள். இன்றைக்கு விட்டால் அடுத்தது எப்போது என்று சொல்ல முடியாதென்று அங்கே ஃபோன் எடுக்கிற பெண் முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தாள். அவருக்கோ போக இஷ்டமில்லை. இஷ்டமில்லை என்று நேராகச் சொன்னதும் இல்லை. இந்த வாரம் வேலை அதிகம் என்பார், அடுத்த வாரம் சளி என்பார். இன்றைக்கு அவருக்குப் பதிலாக வண்டியே கிளம்பாமல் நின்று சொல்லிவிட்டது.

அதனால்தான் அவளுக்குச் சந்தேகம் வந்தது. நேற்று சாயங்காலம்வரை ஓடிய வண்டி, இன்றைக்குப் பார்த்து நிற்குமா? ஏதாவது ஒயரைக் கழற்றிவைத்தீர்களா என்று கேட்டேவிட்டாள்.

அவர் டார்ச்சை அணைத்தார்.

"முப்பத்தொரு வருஷத்துல யார் வண்டியிலயும் நான் அப்படிப் பண்ணதில்ல."

குரலில் கோபம்கூட இல்லை. கேட்டிருக்கக் கூடாது என்று அவளுக்கே தோன்றிவிட்டது. ஆனாலும் விடவில்லை. சரி, டாக்ஸி கூப்பிடுகிறேன் என்றாள். மெக்கானிக் வீட்டு வாசலில் வண்டி செத்துக் கிடக்கும்போது, அந்த மெக்கானிக் வாடகை வண்டியில் ஏறிப் போவதை இந்தத் தெரு பார்க்கவேண்டுமா என்றார் அவர். வண்டி கிளம்பினால் வருவேன், கிளம்பாவிட்டால் இல்லை. அதுதான் பேச்சு.

சும்மா மெக்கானிக் என்று சொல்லிவிட முடியாது அவரை. பட்டறைகளில் அவருக்கு 'ஸ்டெதஸ்கோப்' என்று பெயர். முழங்கை நீளத்துக்கு ஒரு ஸ்க்ரூ டிரைவர் வைத்திருப்பார். அதன் முனையை ஓடுகிற எஞ்சின்மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதோரத்தில் அழுத்திக்கொண்டு கண்ணை மூடுவார். மூன்றாவது சிலிண்டர் என்பார். பிரித்துப் பார்த்தால் மூன்றாவது சிலிண்டராகவே இருக்கும். மற்ற மெக்கானிக்குகள் தலையைப் பிய்த்துக்கொண்டு கடைசியில் அவரிடம்தான் வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவார்கள். அப்படிப்பட்டவருக்குக் காது சரியில்லை என்று ஒரு டாக்டர் காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டால் என்ன மிச்சம்? இதையும் அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை. அவளுக்குத் தெரியும். முப்பது வருஷக் குடித்தனம்.

அவளுக்கு இன்னொன்றும் தெரியும். தடித்த சத்தமெல்லாம் அவருக்குக் கேட்கிறது. லாரி கேட்கிறது, பக்கத்து வீட்டுக்காரர் குறட்டை கேட்கிறது. மெல்லிய சத்தம்தான் போய்விட்டது. வாசல் மணி, அவள் ஃபோன், அடுத்த அறையிலிருந்து அவள் கூப்பிடுவது. போன மாதம் ஒருவர் காரைக் கொண்டுவந்தார். பெல்ட் கிறீச்சிட்டது தெருமுனைவரை கேட்டது. இவர் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது என்று மூடி அனுப்பினார். நாலாம் நாள் பெல்ட் அறுந்து அந்த மனிதர் நடுவழியில் நின்றார். மட்டமான பெல்ட் என்றார் இவர்.

இந்த நேரத்தில் மாடியிலிருந்து இறங்கி வந்தான் அவள் தம்பி. டாக்ஸி ஓட்டுகிறவன். ராத்திரி முழுக்க ஓட்டிவிட்டு, காலையில் வண்டியைப் பகலில் ஓட்டுகிற கூட்டாளியிடம் கொடுத்துவிட்டுத் தூங்குகிற ஆள். கையில் டீ, கண்ணில் தூக்கம். எந்தச் சண்டையானாலும் ஒரு யோசனையோடுதான் வருவான்.

பேட்டரி என்றான் முதலில். மெக்கானிக் பேசாமல் முன்விளக்கைப் போட்டுக் காட்டினார். பட்டப்பகலில் கண் கூசியது. கோளாறு பேட்டரியில் இல்லை. அப்படியானால் தள்ளலாம் என்றான்.

"இது தானா கியர் மாத்துற வண்டி, மாப்ள. தள்ளினா ஊர் எல்லை வரைக்கும் தள்ளலாம். ஸ்டார்ட் ஆகாது."

"உடம்புக்காவது நல்லது, மாமா."

அக்காவுக்குச் சிரிக்க நேரமில்லை. தம்பியை வண்டியோரம் நிற்கச் சொன்னாள். நான் சாவியைத் திருப்புகிறேன், சத்தம் வருகிறதா இல்லையா, நீ சொல் என்றாள். திருப்பினாள். டிக்.

தம்பி மாமாவின் முகத்தைப் பார்த்தான். அந்த முகம் அவனையே பார்த்துக்கொண்டிருந்தது. வண்டி ஓட்ட அவனுக்குக் கற்றுக்கொடுத்தவர். முதல் டாக்ஸிக்கு எஞ்சின் பார்த்துக் கொடுத்தவர். ஒரு வாய் டீ குடித்தான்.

"எனக்கு ஒண்ணும் கேக்கலக்கா."

அவள் தம்பியை ஒரு பார்வை பார்த்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனை அப்படித்தான் பார்ப்பார்கள். அவர் தோள் லேசாக இறங்கியது. பார்த்தாயா என்று அவளிடம் சொல்லவில்லை, ஆனால் விசில் அடித்துக்கொண்டே கருவிப் பெட்டியைத் திறந்தார்.

வழக்கு முழுவதும் அந்த ஒரு டிக்கில்தான் இருந்தது. சாவியைத் திருப்பினால் எஞ்சினைச் சுற்றிக் கிளப்புகிற ஸ்டார்ட்டருக்கு ஒரு மெல்லிய ஒயர் வழியாக மின்சாரம் போகும். போய்ச் சேர்ந்தால் அங்கே டிக்கென்று ஒரு சத்தம் வரும். சத்தம் வந்தும் எஞ்சின் சுற்றாவிட்டால் கோளாறு ஸ்டார்ட்டருக்குள். சத்தமே வராவிட்டால் மின்சாரம் வழியில் எங்கோ நின்றுவிட்டது என்று அர்த்தம். சத்தம் வரவில்லை என்று முடிவு செய்துகொண்ட மனிதர் வழியைத்தானே தேடுவார்? தேடினார். ஸ்டீயரிங்கைச் சுற்றியிருந்த மூடியின் திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். ஒன்று மழுங்கிப்போயிருந்தது, அதற்கே பத்து நிமிஷம். சாவித் துவாரத்துக்குப் பின்னால் இருந்த ஒயர்களை இழுத்துப் பார்த்தார். ஃபியூஸ்களைப் பிடுங்கி வெளிச்சத்தில் பார்த்து மறுபடி செருகினார். எல்லாம் நன்றாகவே இருந்தன. அவள் கடிகாரத்தைப் பார்ப்பதும் அவரைப் பார்ப்பதுமாக இருந்தாள். எத்தனை தடவை சொல்கிறேன் என்று ஆரம்பித்தாள். தம்பி சமாதானப்படுத்துகிற நினைப்பில், "விடுக்கா, செவிடன் காதுல..." என்று வாயெடுத்து, பாதியில் நிறுத்தினான். மிச்சப் பழமொழியை டீயோடு விழுங்கினான். அவர் ஒயரிலேயே கண்ணாக இருந்தார்.

மணி பத்து ஐந்து.

அப்புறம் அவர் முறைப்படி அடுத்த வேலையைச் செய்தார். பயணி இருக்கையைத் தூக்கி மடக்கினார். இந்த மாதிரி வண்டியில் எஞ்சின் அதன் அடியில்தான். தோள்வரை கையை உள்ளே விட்டு, டெஸ்ட் லேம்பின் கிளிப்பை எஞ்சின் இரும்பில் கவ்வவைத்தார். மறுமுனை ஊசியை ஸ்டார்ட்டரின் மெல்லிய ஒயரில் குத்தினார். மின்சாரம் அதுவரை வரவில்லை என்றால் விளக்கு எரியாது. எரியாது என்றுதான் அவர் எதிர்பார்த்தார்.

"திருப்பு."

அவள் திருப்பினாள். விளக்கு எரிந்தது.

அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இன்னொரு தடவை திருப்பச் சொன்னார். எரிந்தது. சின்ன மஞ்சள் விளக்கு, கட்டைவிரல் நகம் அளவுதான். மின்சாரம் ஸ்டார்ட்டர்வரை வந்துவிட்டது. வந்துவிட்டதென்றால் சத்தம் வந்தாகவேண்டும். முப்பத்தொரு வருஷமாக ஊருக்கே அவர் சொல்லிக்கொடுத்த கணக்கு அது.

அவள் சாவியிலிருந்து கையை எடுக்காமல் முன்கண்ணாடி வழியாகத் தெருவைப் பார்த்தாள். சொன்னேனே என்று சொல்ல நல்ல நேரம். அவள் சொல்லவில்லை.

அவர் பெட்டியிலிருந்து அந்த நீள ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். முனையை ஸ்டார்ட்டர்மேல் ஊன்றினார். கைப்பிடியைக் காதுக்குப் பின்னால் இருக்கிற எலும்பில் வைத்து அழுத்தினார்.

"திருப்பு."

டிக்.

அவர் கண் இமை துடித்தது. ஸ்க்ரூ டிரைவரைக் காதிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, மறுபடி திருப்பச் சொன்னார். திருப்பினாள். திருப்பிவிட்டாயா என்று கேட்டார். திருப்பிவிட்டேன் என்றாள். மறுபடி எலும்பில் வைத்தார். திருப்பினாள். தலையை ஆட்டினார். இப்படி ஐந்தாறு தடவை. மற்றவர் வண்டியில் கோளாறு தேடும்போது எப்படி நிதானமாகச் செய்வாரோ, அப்படியே செய்தார். எலும்பில் வைத்தால் சத்தம் இருந்தது. எடுத்தால் இல்லை. பட்டறையில் எப்போதும் ஸ்க்ரூ டிரைவரை அழுத்திக்கொண்டே கேட்டுப் பழகியவருக்கு, காது போனது எங்கே தெரிந்திருக்கும்?

கடைசித் தடவை அவர் வண்டியைப் பார்க்கவில்லை. மச்சினனைப் பார்த்தார்.

"மாப்ள, இப்ப உனக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு, மாமா."

"அப்ப, முதல்ல?"

தம்பி டீ கிளாஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அதில் டீ தீர்ந்து ரொம்ப நேரம் ஆகியிருந்தது. உங்க மனசு கஷ்டப்படக் கூடாதேன்னு, என்று இழுத்தான்.

"நீ கேக்கலன்னு சொன்னதை நம்பித்தான் ஸ்டீயரிங் மூடியைப் பிரிச்சேன். அரை மணி நேரம். சரி, இது நம்ம வண்டி." அவர் ஸ்க்ரூ டிரைவரைத் துணியில் துடைத்தார். "பிரேக் கட்டை தேஞ்சா வண்டி எப்படிக் கத்தும் தெரியுமா? இதைவிட மெல்லிசாக் கத்தும். பிள்ளைகுட்டியோட வர்றவங்க வண்டியில அது கத்தும்போது, நீ பக்கத்துல நின்னு என் மனசைப் பாத்துக்கிட்டு இருப்பியா?"

தம்பி கிளாஸைத் தரையில் வைத்தான். அவர் பெரிய ஸ்பேனரை எடுத்துக்கொண்டு குனிந்தார். ஸ்டார்ட்டருக்குள் கார்பன் துண்டு தேய்ந்திருக்கிறது, தட்டினால் இரண்டு மூன்று தடவை வேலை செய்யும், சாயங்காலம் இறக்கி மாற்றிவிடலாம் என்றார். சாவியைத் திருப்பி அப்படியே பிடி என்று அவளிடம் சொன்னார். அவள் பிடித்தாள். ஸ்பேனரின் தலையால் ஸ்டார்ட்டரின் முதுகில் இரண்டு தட்டு தட்டினார். மூன்றாவது தட்டில் எஞ்சின் சுற்றியது. இருமியது. பிடித்துக்கொண்டது. வண்டியே குலுங்கி, பின்னால் கிடந்த திரைச்சீலைக் கம்பிகள் ஒன்றோடொன்று உரசின.

மணி பத்து இருபத்தைந்து. போக அரை மணி நேரம்.

அவள் எஞ்சினை அணைக்காமல் உட்கார்ந்திருந்தாள். வாருங்கள் என்று கூப்பிட வாய் வரையில் வந்தது. கூப்பிட்டால் எங்கே மறுபடி சண்டையாகிவிடுமோ என்று அடக்கிக்கொண்டாள். வண்டி கிளம்பினால் வருவேன் என்றவர் அவர்தான். கிளம்பிவிட்டது. பார்ப்போம் என்றிருந்தாள்.

அவர் கருவிகளைத் துடைத்துப் பெட்டியில் அடுக்கினார். ஸ்டீயரிங் மூடியைத் திருகாமல் பின்னால் துணி மூட்டைமேல் போட்டார். சோப்புப் போட்டு, நகக்கண்ணைத் தேய்த்துத் தேய்த்துக் கை கழுவினார். அவருக்கு எப்போதுமே இரண்டு நிமிஷம் ஆகும். இன்றைக்கு நாலு நிமிஷம் ஆயிற்று. பிறகு உள்ளே போய்ச் சட்டை மாற்றிக்கொண்டு வந்தார். மடக்கிய இருக்கையை எஞ்சின்மேல் இறக்கி, ஒரு தட்டுத் தட்டிப் பொருத்தினார். ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினார்.

தம்பி ஒதுங்கி நின்று கையைக் காட்ட, அவள் வண்டியைப் பின்னால் எடுத்து, திருப்பி, தெருவில் விட்டாள். முதல் வளைவு போயிற்று. இரண்டாவது வளைவில் சிவப்பு விளக்கு. அவர் இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்துக்கொண்டு, பரீட்சைக்குப் போகிற பையன் மாதிரி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் தலையை ஒரு பக்கம் சாய்த்தார், பிறகு மறுபக்கம் சாய்த்தார். அப்புறம் அவள் பக்கம் திரும்பி, அவள் உதட்டைப் பார்த்தார்.

"இந்த வண்டியில வேற என்னென்ன சத்தமெல்லாம் வருது? ஒண்ணு விடாமச் சொல்லு."