ஐந்து கட்டைக் குரல்

பங்குனி உற்சவத்தில் பெருமாள் தாமிரபரணிக்கு எழுந்தருளும் அன்று, ஆற்றங்கரை மண்டபத்தில் முதல் பாசுரம் பாடுவது லக்ஷ்மிநாராயணன் வீட்டு உரிமை. அந்த வீட்டுப் பிள்ளை பாடும். பட்டர் அதன் தலையில் கோயில் மரியாதையாகப் பரிவட்டம் கட்டுவார். ஐந்து தலைமுறையாக ஒரு வருஷமும் தவறியதில்லை. மூன்று வருஷமாகப் பாடி வருகிறவன் அவருடைய ஒரே மகன் ஸ்ரீராகவ். போன வருஷம் அவன் பாடியதைக் கைப்பேசியில் பார்த்து, அமெரிக்காவில் இருக்கிற அத்தைகள் அழுதேவிட்டார்கள்.

ஆடி மாதம் அந்தக் குரல் உடைந்தது. பதினாலு வயதில் எல்லாருக்கும் உடைவதுதான். ஸ்ரீராகவுக்கோ தன்னையே யாரோ களவாடிக்கொண்டு போன மாதிரி இருந்தது. பள்ளிக்கூடத்தில் பெயர் வாசித்தால் கையை மட்டும் தூக்கினான். ஒருநாள் மறந்துபோய் வாயைத் திறந்துவிட, பக்கத்து பெஞ்சு மகாராஜா, "ஏலே, ஒனக்குள்ள ரெண்டு பேரு குடியிருக்கானுவளா?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது.

புதுக் குரலை அவனே மொட்டைமாடியில் தேடிப் பிடித்தான். ஐந்து கட்டையில் பாடியவன் சுருதியை ஒன்றரைக் கட்டைக்கு இறக்கினான். கனமாக, கொஞ்சம் கரகரப்போடு வந்தது. முதலில் கூச்சமாக இருந்தது. தை பிறப்பதற்குள் இதுதான் நான் என்று பட்டுவிட்டது. உற்சவத்துக்கு ஒரு வாரம் முன்னால் அப்பாவுக்குப் பாடிக் காட்டினான். கண்ணை மூடிக் கேட்டவர், "நன்னாயிருக்குடா. இதையே பாடு" என்றார். அந்த வாரம் முழுக்க அவன் நிமிர்ந்து நடந்தான். வகுப்பில் "உள்ளேன் ஐயா" என்று வாய்விட்டுச் சொன்னான்.

மண்டபத்தில் பல்லக்கு இறங்கியது. கூட்டம் அமைதியானது. ஸ்ரீராகவ் மைக் முன்னால் போய் நின்றான். ஒலிபெருக்கியில் தம்புரா ஐந்து கட்டையில் ஒலித்தது. மைக் செட் செந்தூர்பாண்டி தவறிப்போய் மாற்றி வைத்துவிட்டார் என்று நினைத்து அவர் பக்கம் திரும்பினான். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அதற்குள் பாசுரம் தொடங்கிவிட்டது. பாடியது போன வருஷத்து ஸ்ரீராகவ். மைக்கைத் தட்டிப் பார்த்தான், உயிர் இல்லை. பின்னாலிருந்து அப்பா தாழ்ந்த குரலில், "வாயை மட்டும் அசை. எல்லாரும் பாக்கறா" என்றார்.

அசைத்தான். அத்தனை பேர் முன்னால் அப்பாவை விட்டுக்கொடுக்க அவனுக்கு மனம் வரவில்லை. முன்வரிசையில் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அந்தக் கண்ணீரில் ஒரு சொட்டுகூடத் தனக்கில்லை என்று அவனுக்குத் தெரிந்தது. தன் வாயைக்கொண்டே தன்னை இல்லாமல் ஆக்கிவிட்டார்கள்.

பாசுரம் முடிந்தது. அடுத்து அறிவிப்பு இருந்ததால் செந்தூர்பாண்டி மைக்கைத் திறந்துவிட்டார். பட்டர் பரிவட்டத்தோடு அவன் முன்னால் வந்து நின்றார். ஸ்ரீராகவ் தலை குனியவில்லை.

"மாமா, நான் பாடலை."

அந்தக் கனத்த குரல் படித்துறைவரை கேட்டது. கட்ட வந்த கை நின்றது. பட்டர் லக்ஷ்மிநாராயணனைப் பார்த்தார். அப்பாவின் பார்வை தரையை விட்டு எழவில்லை. பரிவட்டம் தட்டுக்கே திரும்பிப் போயிற்று.

வீடு திரும்பும் வழியில், தெருமுனைக்கு வந்ததும் அப்பா, ஐந்து தலைமுறைப் பேரை ஒரு வார்த்தையில் ஆற்றோடு விட்டுவிட்டாய் என்றார். அவன் கேட்க நினைத்தது வேறு.

"அன்னிக்கு நன்னாயிருக்குன்னு சொன்னேளே. அது பொய்யாப்பா?"

"பொய் இல்லைடா. நன்னாத்தான் இருந்தது." கொஞ்ச தூரம் நடந்தபின் சேர்த்துச் சொன்னார்: "அதை நம்மாத்துக்குள்ள பாடிக்கோ."

ஸ்ரீராகவ் நின்றுவிட்டான். அவன் பின்னால் வருகிறான் என்ற நினைப்பிலேயே அப்பா வீட்டுப் படியேறினார்.