பாலம் வரைக்கும்

எர்னிஸ் தடியில் முழுப் பாரத்தையும் சாய்த்துக்கொண்டு குரலெடுத்து அழுதான். "சாய்ஞ்சிட்டியே என் மலையே, எங்கப்பாவே." வாசலில் இன்னொரு கார் வந்து நின்றிருந்தது. துக்கம் கேட்க யார் வந்து இறங்கினாலும் உடலை வைத்திருக்கும் கம்பளிக் கூடாரத்துக்கு வெளியே நிற்கும் ஆண்கள் இப்படித்தான் அழவேண்டும். முந்தாநாள் காலையிலிருந்து அழுது அவனுக்குத் தொண்டை கட்டிவிட்டது. துக்க விருந்துக்காகக் கொல்லையில் அறுத்த குதிரையின் கொழுப்பு பெரிய கொப்பரையில் கொதிக்கும் வாசனை முற்றம் முழுக்க நிறைந்திருந்தது.

அப்பா ஓமுர்பெக்குக்கு அறுபத்திரண்டு வயது. ஞாயிற்றுக்கிழமை தேநீர்க் கிண்ணத்தைக் கையில் வாங்கியவர் அப்படியே பக்கவாட்டில் சரிந்தார். வாய் கோணிக்கொண்டது. ஆத்பாஷி டவுன் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

ஊர் மருந்தகத்து நர்ஸ் ஜெய்னெப் கைகளைத் துடைத்துக்கொண்டு அவனிடம் வந்தாள். அவள் அவனுக்கு ஒன்றுவிட்ட அக்கா.

"கடைசியா எப்போடா பிரஷர் பார்த்தீங்க?"

"ஞாபகமில்லக்கா."

"போன வருஷம் இதே சமயம் நூத்தி முப்பதுக்கு எறங்கியிருந்துச்சு. என் நோட்டுல இருக்கு. மாத்திரைய மட்டும் நம்பாதீங்க, உப்பையும் கொழுப்பையும் குறைங்க, நடக்கிறத விட்டுடாதீங்கன்னு படிச்சுப் படிச்சு சொன்னேன். நல்லாத்தானே நடந்துகிட்டிருந்தாரு. ஏன் விட்டாரு?"

எர்னிஸ் வாசலைப் பார்த்தான். நல்லவேளையாக இன்னொரு கார் வந்தது. தடியில் சாய்ந்து அழ ஆரம்பித்தான்.

ஏன் விட்டார் என்பது அவனுக்குத் தெரியும். அப்பா சந்தையில் ஒரு நீல ஷூ வாங்கி வந்து, தினமும் விடிந்ததும் ஆற்றுப் பாலம் வரைக்கும் போய்த் திரும்பினார். நாலு மாதத்தில் இடுப்பு வாரில் ரெண்டு ஓட்டை உள்ளே போனது. மனுஷன் படியேறும்போது மூச்சு வாங்குவதை நிறுத்தியிருந்தார். ஆனால் இந்த ஊரில் காலும் கையும் நன்றாக இருக்கிற ஒருவன் காரணமில்லாமல் சாலையில் நடந்தால் சும்மா விடுவார்களா? போகிற கார் எல்லாம் நின்றது. "ஏறுங்க அண்ணே" என்றார்கள். அவர் வேண்டாம் என்றால் கூப்பிட்டவர்கள் முகம் சுருங்கிப்போனது. ஓமுர்பெக்குக்கும் மகனுக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்று ஒருவன் கிளப்பிவிட்டான். ஒரு கல்யாண விருந்தில், நாற்பது பேருக்கு நடுவில், சித்தப்பா முகாஷ் எலும்பைக் கடித்துக்கொண்டே கேட்டார்.

"என்னடா எர்னிஸ், பெத்த அப்பன் நாடோடி மாதிரி நடந்து போறான். வாங்கின கார் யாருக்கு, உன் பொண்டாட்டி காத்து வாங்கறதுக்கா?"

எல்லோரும் சிரித்தார்கள். எர்னிஸும் சிரித்தான். வீட்டுக்கு வந்து நீல ஷூவை எடுத்துக் கொட்டகையில் பழைய டயர்களுக்குப் பின்னால் தூக்கிப் போட்டான். மறுநாள் விடிவதற்குள் காரைக் கிளப்பி வாசலில் நிறுத்தினான்.

"என் ஷூவ பார்த்தியாடா?"

"இல்லப்பா. நாய் இழுத்துட்டுப் போயிருக்கும். நீங்க ஏறுங்க, எங்க போகணுமோ நான் கொண்டுபோய் விடறேன்."

அப்பா அவனை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு ஏறிக்கொண்டார். எங்கே போவது என்று இருவருக்கும் தெரியவில்லை. பாலம் வரைக்கும் காரில் போய்த் திரும்பினார்கள். அதற்கப்புறம் அவர் ஷூவைப் பற்றிக் கேட்கவே இல்லை. வார் பழைய ஓட்டைக்கே திரும்பியது.

அன்று மதியம் உடலைக் குளிப்பாட்டி முடிந்ததும் அம்மா கனிம் கூடாரத்து ஓரத்தில் அப்பாவின் துணிமணிகளை விரித்தாள். உடலைக் குளிப்பாட்டிய ஐந்து பேருக்கும் அவற்றைப் பங்கிட்டுக் கொடுக்கவேண்டும். தோல் அங்கி முகாஷ் சித்தப்பாவுக்கு என்றாள். தொப்பி ஒருவருக்கு, பூட்ஸ் ஒருவருக்கு. ஒருவர் பங்குக்குக் குறைந்தது.

"கொட்டகையில டயருக்குப் பின்னால ஒரு ஷூ கெடக்கு. எடுத்துட்டு வா" என்றாள் அம்மா, அவன் முகத்தைப் பார்க்காமல்.

எர்னிஸ் அவள் பக்கம் திரும்பினான். "உனக்குத் தெரியுமாம்மா?"

"வைக்கோல் எடுக்கப் போனப்ப பார்த்தேன். அன்னிக்கே பார்த்தேன்." அவள் ஒரு சட்டையை மடித்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடியும் மடித்தாள். "எடுத்துக் குடுத்திருக்கலாம். பொம்பளைங்க வாய் சும்மா இருந்துச்சா? எனக்கும் வெட்கமாத்தான் இருந்துச்சு."

அவன் போய் எடுத்துவந்தான். ஒன்றில் எலி கூடு கட்டியிருந்தது. உதறிவிட்டு அம்மா முன் வைத்தான். அவள் அதைத் தொட்டுப் பார்த்தாள். அடிப்பகுதி சாலையில் தேய்ந்திருந்தது, அதிகமில்லை. அவள் ஷூவைத் துணிகளோடு சேர்க்கவில்லை. குறைந்த பங்குக்குத் தன் புதுப் போர்வையை எடுத்து வைத்தாள். ஷூவை அவன் பக்கமாகத் தள்ளினாள்.

புதைகுழியில் ஆளுக்கொரு பிடி மண் போட்டார்கள். பிரார்த்தனை முடிந்தது. ஆண்கள் கார்களுக்குத் திரும்பினார்கள். வீட்டில் கறி தயாராக இருக்கும். பனி உருகிச் சேறாகக் கிடந்த சாலை, ஒரு கார் போகிற அகலம்தான். எர்னிஸ் கல்லறை மதில் ஓரமாக உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றிவிட்டு, கையோடு கொண்டுவந்திருந்த நீல ஷூவைப் போட்டுக்கொண்டான். அரை அளவு பெரிதாக இருந்தது. எழுந்து சாலையின் நடுவில் நடக்க ஆரம்பித்தான்.

முகாஷ் சித்தப்பா காரை அவனுக்குப் பின்னால் கொண்டுவந்து, கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டினார்.

"ஏறுடா. அப்பனைப் புதைச்ச அன்னிக்கு மகன் நடந்து போனா, ஊர் நம்மள என்னன்னு பேசும்?"

"பேசட்டும் சித்தப்பா."

"கிறுக்கா பிடிச்சிருக்கு? மூணு கிலோமீட்டர் இருக்குடா."

"தெரியும். பாலம் வழியாத்தானே."

சித்தப்பா இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவன் காலைப் பார்த்தார். கண்ணாடியை மெதுவாக ஏற்றிக்கொண்டார். துக்கக்காரனைத் தாண்டிப் போகவும் மனமில்லை, தாண்ட இடமும் இல்லை. அவருக்குப் பின்னால் முப்பது கார்கள், ஹார்ன் அடிக்காமல், ஒருவன் நடக்கிற வேகத்தில் ஊர்ந்து வந்தன.

பாலத்தில் எர்னிஸுக்கு மூச்சு வாங்கியது. வலது ஷூவின் நாடா அவிழ்ந்திருந்தது. குனிந்து கட்டினான். கார்கள் எல்லாம் நின்றன. அவன் கட்டி முடித்து நிமிரும்வரை ஒருவரும் இறங்கவில்லை.