அண்ணன் காதுக்குள் கொஞ்சம் இடம்

1

இந்தக் கதையை நான் யோசித்துப் பிடிக்கவில்லை. முடிவெட்டிக்கொள்ளப் போன இடத்தில் கிடைத்தது. வெட்டியவர் தன் தங்கையைப் பற்றிச் சொன்னார். ஆகையால் பெருமை கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘மேகங்கள் மெல்லக் கலைந்த அந்த மதியத்தில், அவள் விழியோரம்…’

(மேகம் எதற்கு? அடித்தாயிற்று.)

2

தங்கை, காதுகேள் கருவி செய்யும் கம்பெனியில் பொறியாளர். கருவியைப் போட்டதும் முதலில் விழித்து, மற்ற நிரல்களைத் தட்டியெழுப்பும் பூட்லோடர் அவள் பொறுப்பு. புதிய பதிப்பு சிப்புக்குள் அடங்கவில்லை. மேலாளர் கூப்பிட்டார். அலுவலகத்தில் அவருக்குக் ‘கத்தரி’ என்று பெயர். (சலூன் கதையில் இன்னொரு கத்தரியா என்று கேட்காதீர்கள், நான் வைத்த பெயரல்ல.)

“சத்தத்துக்கு நடுவுல எதிர்ல இருக்கறவங்க குரலப் பிரிச்சுக் குடுக்குதே, அந்த வசதியத் தூக்கிடும்மா. இடம் பத்தல.”

அவளுக்கு உடனே அண்ணன் ஞாபகம்தான் வந்தது. காது மந்தமான அவருக்குச் சலூன் பிழைப்பே அந்த வசதியில்தான் ஓடியது. அது வருவதற்கு முன்பு, “ஓரமா வெட்டுங்க” என்ற மாப்பிள்ளைப் பையனுக்கு “ஒட்ட வெட்டுங்க” என்று கேட்டு, கல்யாணத்துக்கு முந்தின நாள் மொட்டையாக அனுப்பிவைத்தவர் அவர்.

(அண்ணனைப் பேராசிரியராக்கிப் பார்த்தேன். மொட்டை போய்விட்டது. சலூனுக்கே திரும்பிவிட்டேன்.)

“வசதி இருக்கட்டும் சார். நான் இடம் பண்ணித் தரேன்.”

3

நிரல் கோப்பைப் பிரித்துப் பார்த்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாதிக்குப் பாதி ஒன்றுமே இல்லை! ஒவ்வொரு நிரல் துண்டும் ஒரு பெரிய கட்டத்தின் தொடக்கத்தில்தான் உட்காரவேண்டும் என்று பழைய சிப்புக்காக யாரோ வைத்த விதி. துண்டு துளியூண்டு, மீதிக் கட்டம் முழுக்க வெற்று நிரப்பல். புதிய சிப்புக்குச் சின்னக் கட்டமே போதும். விதியை மாற்றித் துண்டுகளை நெருக்கி உட்காரவைத்தாள்.

சோதனைக் கருவியில் ஏற்றினாள். மூச்சே இல்லை.

“செத்துப்போச்சா?” என்றார் கத்தரி.

அவள் முகம் வாடிவிட்டது. பிறகுதான் உறைத்தது: துண்டுகள் இடம் மாறிவிட்டன, பூட்லோடர் இன்னும் பழைய விலாசத்திலேயே போய்க் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறது. விலாசத்தைத் திருத்தினாள். கருவி ‘டிங்’ என்று விழித்தது. வசதியும் தப்பியது.

சலூனில் முடி உலர்த்திகள் இரைய, தங்கை புதிய பதிப்பை அண்ணன் கருவியில் ஏற்றிவிட்டு, அவர் முன்னால் நின்று கத்தினாள்: “கேக்குதாண்ணா?”

“ஏன் கத்தற? நான் என்ன செவிடா?”

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்களாம்.

4

இங்கேயே முடித்திருப்பேன். ஆனால் சிப்பில் இடம் மிஞ்சிவிட்டது.

“கருவியப் போட்டதும் கம்பெனி பாட்டு வரட்டும்,” என்றார் கத்தரி. அண்ணி தனியாகக் கூப்பிட்டு, “நான் பேசறப்ப இவரு கருவிய அணைச்சு வெச்சா எனக்கு மணி அடிக்கற மாதிரி பண்ணும்மா,” என்றாள். “அண்ணன் மேல பாசம் இருந்தா சும்மா இரு,” என்றார் அண்ணன்.

“கடைசில தங்கச்சி யார் பேச்சக் கேட்டாங்க?” என்றேன்.

அவர் என் தலையைக் குனியவைத்துப் பின்கழுத்தில் வேலையைத் தொடங்கிவிட்டார்.

எனக்குத் தெரியாது. கீழே கொஞ்சம் இடம் விட்டிருக்கிறேன், நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். பாட்டு மட்டும் வேண்டாம்.