பதினான்காவது மாடியில் நான்கு பனியன்கள்

பல நாடுகளிலிருந்து போன எழுநூறு வடிவமைப்புகளில் இருபதைத்தான் நடுவர்கள் இறுதிச் சுற்றுக்கு எடுத்திருந்தார்கள். அவற்றில் ஒன்று திருப்பூரிலிருந்து போனது. நாற்பது மாடிக் குடியிருப்பு, பார்த்த மாத்திரத்தில் மனதில் நிற்க வேண்டும் என்பதுதான் போட்டி. நாகஜோதியும் அவளோடு கட்டடக்கலை படித்த தரணியும் வேலை நேரம் போக ஐந்து மாதம் அதிலேயே கிடந்தார்கள்.

நடுவர்கள் ஒரு யோசனையும் சொல்லியிருந்தார்கள். ஐந்து மாடிக்கு ஒன்றாகத் துணி உலர்த்த விட்டிருக்கும் திறந்த தளங்களை மூடிவிட்டால் கட்டடம் இன்னும் எடுப்பாக இருக்கும்.

"மூடிரலாம் ஜோதி. இவ்வளவு தூரம் வந்துட்டு எதுக்கு விடோணும்?" என்றாள் தரணி.

நாகஜோதி ஒப்பவில்லை. மதுரைப் பக்கமிருந்து பனியன் கம்பெனி வேலைக்கு வந்த பாண்டியம்மாளின் மகள் அவள். வளர்ந்தது ஒற்றை அறை லைன் வீட்டில். மழைக்காலம் முழுக்க, அறைக்குள் கொடி கட்டிய ஈரத்துணிக்கு அடியில்தான் இருவரும் படுப்பார்கள். அம்மாவின் இருமல் மார்கழி வரை நிற்காது.

"மூடினா ஈரம் பூரா வீட்டுக்குள்ள போயிரும். திறந்த தளத்துல காயுதா இல்லையான்னு அளந்தே காட்டுறேன்," என்றாள்.

அவிநாசி சாலையில் தரணியின் மாமா கட்டிக்கொண்டிருந்த அடுக்ககத்துக்கு வாளியோடு போனாள். லிஃப்ட் இன்னும் வரவில்லை. காவல்காரர் கந்தவேல் வாளியை எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க அம்மிணி, துணி காயப்போடப் பதினாலு மாடி ஏறோணுங்களா?"

"ஆமாங்கண்ணா."

ஐப்பசி வானம் மூடிக் கிடந்தது. மேலே, இன்னும் சுவர் எழுப்பாத தளத்தில், நான்கு பனியன்களைக் கொடியில் போட்டுவிட்டுக் கைபேசியில் நேரம் குறித்தாள். அதே நேரத்தில் வீட்டு முற்றத்தில் அம்மாவும் நான்கு போட்டிருந்தாள். ஒன்றரை மணி நேரத்தில் மேலே காய்ந்துவிட்டன. அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டாள்.

"இங்கன எங்க காயிது? இன்னும் சில்லுனுதான் கெடக்கு தாயி."

நான்கு நாள் இப்படியே அளந்தாள். மூன்றாம் நாள் கீழே தரணி காத்திருந்தாள். வாளியை வாங்கிக்கொண்டு முன்னால் ஏறினாள்.

இணையவழி நேர்காணலில் நாகஜோதி அந்தக் கணக்கை வைத்தாள். நடுவர்களில் ஒருவர் கேட்டார்:

"மூடினால்தான் பரிசு என்றால்?"

"அது வேறு கட்டடம். நாங்கள் அதை அனுப்பவில்லை." நாகஜோதி வாயைத் திறக்கும் முன் சொன்னது தரணி.

மூன்றாம் பரிசு கிடைத்தது. முதல் பரிசு பெற்றதைத்தான் கட்டுவார்கள். அன்று மாலை முழுக்க நாகஜோதிக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனாலும் தளங்களை மூடியிருக்கலாமே என்று ஒருமுறைகூடத் தோன்றவில்லை.

அடுத்த மாதம் இருவரும் பார்த்த வேலையை விட்டுவிட்டுப் பல்லடம் சாலையில் சொந்த அலுவலகத்துக்கு ஓர் அறை பிடித்தார்கள். பெயர்ப்பலகை எழுதுபவர் யார் பெயர் முதலில் என்று கேட்டார்.

"நாகஜோதின்னு எழுதுங்க. அப்புறம் எம்பேரு," என்றாள் தரணி.

நாகஜோதி மறுக்கவில்லை. எழுத்துகளைக் கொஞ்சம் பெரிதாகப் போடச் சொன்னாள்.