தெலுங்குப் பச்சை

கன்னையா ஒழுங்காகக் குளித்துப் பல நாளாகிவிட்டது. ஈரத் துண்டால் உடம்பைத் துடைத்து, வேட்டி மாற்றி, நெற்றிக்கு இட்டுக்கொண்டு, குளித்தவர் போலவே ஹாலில் வந்து உட்காருவார். மகள் மனோரமாவுக்கு மூக்கு இருக்கிறது என்பதை அவர் பொருட்படுத்தவே இல்லை.

எல்லாம் அந்த மேடையால் வந்த வினை. திருப்பதியில் அவள் குடியிருக்கும் ஃபிளாட்டில், தரைக்கடியில் குழாய் பதிக்க ஆழம் போதவில்லை என்று பில்டர், நின்று குளிக்கிற ஷவர் ட்ரேயை ஒரு ஜாண் உயரம் தூக்கி வைத்துவிட்டான். ட்ரே வெள்ளை, தரை வெள்ளை, சுவரும் வெள்ளை. விலை சொல்லும்போது அதையெல்லாம் அழகு என்றான். கண் மங்கிய மனிதருக்கு எது தரை எது விளிம்பு என்று யார் சொல்வது? கன்னையா ஏறும்போது ஒருமுறை இடறினார், இறங்கும்போது ஒருமுறை விழுந்தார். முழங்காலில் தோல் உரிந்ததோடு தப்பித்தது புண்ணியம்.

"கதவ சாத்தாத நைனா. நான் கையப் புடிச்சிக்கிறேன்" என்று மனோரமா சொல்லிப் பார்த்தாள்.

"பொண்ணு வந்து குளிப்பாட்டற நெலமைக்கு நான் இன்னும் வரல. அப்பிடி வந்துட்டா சித்தூருக்கே போயிடறேன்."

சித்தூர் வீடு பூட்டிக் கிடக்கிறது. அம்மா போன பிறகு அங்கே தனியாக இருந்து, மாத்திரையை மறந்து மயங்கி விழுந்தவரை மனோரமாதான் போய் அழைத்து வந்தாள். ஆனாலும் சொன்னால் செய்வார். பஸ் கண்டக்டராகவே காலம் தள்ளியவர். அவர் விசில் கொடுத்துவிட்டால் வண்டி கிளம்பியே தீரும்.

அதனால்தான் விளக்கு யோசனை. மேடையின் விளிம்பைச் சுற்றி எல்.இ.டி. ஸ்ட்ரிப் ஒட்டிவிட்டால் படி தெரியும், அவர் பாட்டுக்குக் குளிப்பார், சித்தூர்ப் பேச்சும் அடங்கும். மனோரமா பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு லாட்ஜில் ரிசப்ஷன் பார்க்கிறாள். மலைக்குப் போகிறவர்களும் இறங்கி வந்தவர்களும் ஒரே நேரத்தில் வந்து சாவி கேட்கிற வேலை. கணவன் சந்திரசேகர் வாரத்தில் பாதி நாள் லாரியோடு ரோட்டில் இருப்பான். லாட்ஜுக்கு வயரிங் பார்க்கும் ரமணாவிடம் அவளே பேசி முடித்தாள்.

ரமணா கடையிலிருந்து போன் செய்தபோது கவுண்டரில் பெரிய கும்பல்.

"அக்கா, தெல்லதா, பச்சதா?"

வெள்ளையா பச்சையா என்று கேட்கிறான். வெள்ளை மேடைக்கு வெள்ளை விளக்கு எதற்கு? "பச்சதான்" என்று சொல்லிவிட்டு யாருக்கோ சாவியை நீட்டினாள். வீட்டுக்குப் போன் போட்டு அப்பாவிடமும் சொன்னாள்.

"பச்சை லைட் வருது நைனா. சுத்திலும் கோடு போட்ட மாதிரி தெரியும்."

சாயந்தரம் கால் கடுக்க வீடு வந்தபோது ரமணா வேலையை முடித்திருந்தான். ட்ரேயின் விளிம்புக்கடியில் அலுமினியச் சட்டம் அடித்து, ரப்பர் உறை போட்ட ஸ்ட்ரிப்பை அதற்குள் செருகி, முனைகளைச் சிலிக்கான் பசையால் அடைத்திருந்தான். ஸ்விட்ச் கதவுக்கு வெளியே இருந்தது. தட்டினான். மேடையைச் சுற்றி மஞ்சள் வெளிச்சம் ஓடியது.

"பச்சை இல்ல நான் சொன்னேன்?"

"மீரே கதக்கா பச்ச அன்னாரு" என்று, பச்சை கேட்டதே அவள்தான் என்பதுபோல, அவன் மஞ்சளைக் காட்டினான்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இந்தப் பக்கத்துத் தெலுங்கில் மஞ்சளையும் பச்சை என்றுதான் சொல்வார்கள். இலைப் பச்சை வேண்டுமென்றால் 'ஆகுபச்ச' என்று கேட்க வேண்டும். பிறந்ததிலிருந்து இரண்டு மொழியிலும் சண்டை போட்டு வளர்ந்தவளுக்கு இது தெரியாததா? களைத்துப்போன காது தமிழில் கேட்டுவிட்டது, அவ்வளவுதான். பிரித்து மாற்றித் தருகிறேன் என்று ரமணா மூக்கால் அழுதான். அவளுக்கு நிற்கவே தெம்பில்லை. மஞ்சளும் வெளிச்சம்தானே என்று அவனை அனுப்பிவிட்டாள். கன்னையா கட்டிலில் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். எழுந்தவரிடம், பசை காய வேண்டும், காலையில் குளிக்கலாம் என்று மட்டும் சொன்னாள். நிறக் குழப்பத்தை விளக்கப் பொறுமை இல்லை.

காலையில் அவர் துண்டோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அவள் ஸ்விட்சைத் தட்டிவிட்டுக் கதவில் காதை வைத்து நின்றாள். தரையில் ஏதோ உரசியது. வாளியைத் தள்ளுகிறார் என்று நினைத்தாள். பிறகு தண்ணீர் விழும் சத்தம் வந்தது. எத்தனை நாளைக்குப் பிறகு! அவளுக்கு அங்கேயே உட்கார்ந்து தூங்கிவிடலாம் போலிருந்தது.

தண்ணீர் நின்றது.

"மனோ, பச்சை நல்லா இருக்குதும்மா. கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்குது. ஏறசொல்லவே படி பளிச்சினு தெரிஞ்சிது."

உரசியது வாளி இல்லை. விளிம்பைத் தேடிய கால்.

கதவை மெல்லத் திறந்தாள். இடுப்பில் துண்டோடு அவர் மேடைமேல் நின்றிருந்தார். அவர் காலடியைச் சுற்றி மஞ்சள் எரிந்தது.

"நைனா, அது மஞ்சள்."

கன்னையா துண்டை இடுப்பில் இறுக்கிக்கொண்டார்.

"நான் தெலுங்குல சொன்னேம்மா."

பஸ்ஸில் ஆயிரம் பேரோடு தெலுங்கு பேசியிருப்பார். பெற்ற பெண்ணிடம் ஒரு நாளும் பேசியதில்லை. அவளுக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. இவ்வளவு நாளும் டிவி முன்னால் உட்கார்ந்து எதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்?

"எத்தினி நாளா நைனா தெரியல?"

அவர் வலது காலை முன்னால் நீட்டி விளிம்பைத் துழாவினார். காலடியில் ஒன்றும் அகப்படாமல் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். மறுபடி நீட்டினார். மறுபடி இழுத்துக்கொண்டார்.

"சரி, கையக் குடு" என்றார் கடைசியில்.

மனோரமா கதவருகே நின்றிருந்தாள். அவர் கை வாஷ்பேசின் பக்கம் நீண்டது. அவள் சத்தமில்லாமல் வாஷ்பேசின் பக்கம் போய் நின்று, அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.