தோட்டாக் கிடங்கில் சோடா

அம்மா, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அடி எதுவும் படவில்லை. கை, கால், கண் எல்லாம் அப்படியேதான் இருக்கின்றன. காரைக்காலில் உன் மகன் இருக்கிற இடத்தில் துப்பாக்கிச் சூடு என்று யாராவது போன் செய்தால் நம்பாதே. அது சோடா.

சாத்தூரில் பட்டாசு வேலையை விட்டபோது, இனி வெடிச் சத்தமே கேட்காத தொழில்தான் என்று உன் தலையில் கை வைத்துச் சொன்னேன். சொன்னபடி சோடா போடத்தான் வந்தேன். ஆனால் இடம் கிடைத்தது, பட்டாளத்துக்காரர்கள் சுட்டுப் பழகிய திடலில். திருமலைராயன்பட்டினம் தாண்டி, சவுக்குத் தோப்புக்கு அந்தப் பக்கம். பட்டாளம் போய் வெகு காலமாகிவிட்டது. பாழடைந்து கிடந்த கட்டடங்களுக்கு அரசாங்கம் வெள்ளையடித்து, புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்களுக்குக் கொடுக்கிறது. எனக்கு முன்னால் வந்தவர்கள் ஜன்னல் இருந்த அறைகளை எடுத்துக்கொண்டார்கள். எனக்கு வந்தது தோட்டாக் கிடங்கு.

அதையும் சோதனைக்குத்தான் கொடுத்திருந்தார்கள். நேற்று அதிகாரி உமாமகேஸ்வரி மேடம் பார்க்க வருவதாக ஏற்பாடு. ஊர்க்காரர்கள் கிடங்குக்கே வந்து வாங்குவதை அவர் கண்ணால் பார்த்தால் இடம் எனக்கு. இல்லையென்றால் சாத்தூர் பஸ்தான், மறுபடியும் வெடிமருந்து அறைதான்.

அதனால் நேற்று எல்லாருக்கும் சோடா இலவசம் என்று ஊர் முழுக்கச் சொல்லிவைத்தேன். தூரத்திலிருந்தே தெரியட்டும் என்று, அக்கா கொடுத்த சிவப்புப் போர்வையை அங்கே நின்ற இரும்புக் கம்பத்தின் உச்சியில் ஏற்றினேன். கடற்காற்றில் படபடவென்று பறந்தது. ஒருவர்கூட வரவில்லை.

எட்டிப் பார்த்தேன். ரோட்டோரம் தமீம் அன்சாரி பாய் டீக்கடையில் ஊரே நின்றது. எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். வாருங்கள் என்று கையை ஆட்டினேன். அவர்களும் ஆட்டினார்கள். கவனித்துப் பார்த்தால், என்னைப் படுக்கச் சொல்கிறார்கள்!

எதற்கென்று தெரியாமல் உள்ளே ஓடினேன். அந்தப் பதற்றத்தில் மெஷினில் கேஸைக் கூடுதலாகத் திறந்துவிட்டேன். பாட்டில்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெடித்தன. மெஷினைச் சுற்றிக் கம்பி வலையும் தலையில் ஹெல்மெட்டும் இருந்ததால் தப்பித்தேன். வெளியே டீக்கடையில் நின்ற அத்தனை பேரும் தரையோடு தரையாகக் கிடந்தார்கள்.

நிரப்பி வைத்திருந்த ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு, ஹெல்மெட்டோடு ரோட்டுக்கு ஓடினேன்.

"குனிஞ்சு ஓடியாய்யா!" என்று கத்தியவர் ஆடு மேய்க்கிற காத்தமுத்து. போய்ச் சேர்ந்ததும் என்னை இழுத்துக் கீழே உட்காரவைத்தார். "எத்தன பேருய்யா சுடுறானுவ?"

"யாரு அண்ணாச்சி?"

"பட்டாளந்தான். செவப்புக் கொடி ஏறியிருக்குல்ல? அது ஏறுனா சூடு நடக்குதுன்னு அர்த்தம், எங்க ஆடுகூட அந்தப் பக்கம் போவாது."

"அது எங்க அக்கா குடுத்த போர்வை அண்ணாச்சி."

"போர்வையா?" என்றார் பாய், பெஞ்சுக்கு அடியிலிருந்து. "அப்ப டமார் டமார்னு கேட்டுச்சே, அது ஒங்க மச்சானா?"

பெஞ்சுக்குப் பின்னால் ஒரு ஃபைல் தெரிந்தது. அதற்குக் கீழே உமாமகேஸ்வரி மேடம்.

"நான் உள்ள வரத்தான் கெளம்புனேன் தம்பி. இந்த ஆட்டுக்காரருதான் கையப் புடிச்சு உக்கார வச்சுட்டாரு."

எல்லாருக்கும் சோடா உடைத்துக் கொடுத்தேன். ஒவ்வொரு கோலி இறங்கும்போதும் எல்லாரும் ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டார்கள். மேடம் ஒரு பன்னீர் சோடாவை முழுசாகக் குடித்துவிட்டுச் சொன்னார்: "நல்லாருக்கு. ஆனா ரோட்டுல குடிச்சதையெல்லாம் நான் எழுத முடியாது. கெடங்குக்கு ஆளு வரணும்."

ஓடிப்போய்ப் போர்வையை இறக்கிவிட்டு வந்தேன். ஒருவரும் அசையவில்லை.

"எறக்கிட்டா ஆச்சா?" என்றார் காத்தமுத்து. "அப்பல்லாம் பட்டாளத்துச் சுபேதாரு எங்கிட்ட வந்து சொல்லுவாரு. நான் ஊருக்குச் சொல்லுவேன். அதான் மொற."

"சரி அண்ணாச்சி. ஒங்ககிட்ட சொல்றேன். எறக்கியாச்சு."

"சொல்லிட்டு ஒரு பாட்டில் குடுப்பாரு."

ஒரு சோடாவை நீட்டினேன். அதை வெயிலில் தூக்கிப் பார்த்தார்.

"இது அதுல கலக்குறதுல்லய்யா. அது எங்க?"

மேடம் சட்டென்று கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். சாயங்காலம் வாங்கித் தருகிறேன் என்று காத்தமுத்து காதில் சொன்னேன். அம்மா, அவர் கேட்டது நன்னாரி சர்பத்.

காத்தமுத்து எழுந்து வேட்டியை உதறிக் கட்டினார். இரண்டு கையையும் வாயருகே குவித்து, "சூடு முடிஞ்சிருச்சு! போவலாம்!" என்று ஒரு கூவல் கூவினார்.

அவ்வளவுதான். ஆடுகள் முன்னால், ஊர் பின்னால். கிடங்குக்குள் நிற்க இடமில்லை. தடித்த சுவர், உள்ளே ஜிலுஜிலுவென்று இருந்தது. சோடா தீர்ந்த பிறகும் யாரும் வெளியே போகவில்லை. மேடத்தின் ஃபைலில் ஓர் ஆடு வாயை வைத்தது. அதைப் பிடுங்கி, மிச்சமிருந்த தாளிலேயே கையெழுத்துப் போட்டார். "இடம் ஒனக்குத்தான். அந்த மெஷின மட்டும் மொதல்ல யாருகிட்டயாவது காட்டு."

காட்டிவிட்டேன் அம்மா, பயப்படாதே. நீ தாராளமாகக் கிளம்பி வரலாம். வந்ததும் நேராக உள்ளே வந்துவிடாதே. டீக்கடையில் கொஞ்சம் உட்கார். காலையில் காத்தமுத்து அண்ணாச்சி எழுந்து வந்து கூவுகிற வரைக்கும் இனி இங்கே யாரும் திடலுக்குள் கால் வைக்க மாட்டார்களாம். இன்று அவர் எழுந்திருக்கவே மத்தியானம் ஆகிவிட்டது.