பதினோரு மணிப் படகு

அக்காவிடமிருந்து வந்த செய்தி இரண்டே வரி. “இந்த ஞாயித்துக்கிழமையும் நீ பாதியில போயிட்டா அதோட சரி. இனிமே நான் வரமாட்டேன்.”

பல்செட் செய்யும் லேபில், கையில் பாதி மெருகேறிய கீழ்ப்பல் வரிசையோடு, தங்கை அதை மூன்று முறை படித்தாள். அக்காவுக்குக் கோபம் வந்தால் இருபது வரி எழுதுவாள். அவசரத்தில் எழுத்துப் பிழைகள் கொட்டும். பிழையே இல்லாமல் இரண்டு வரி எழுதியிருக்கிறாள் என்றால், முடிவெடுத்துவிட்டு நிதானமாக எழுதியிருக்கிறாள் என்று அர்த்தம்.

விஷயம் இதுதான். போன வருஷம் தங்கை பதிவு அலுவலகத்தில் அவசர அவசரமாகக் கல்யாணம் செய்துகொண்டாள். வேறு ஊரில் இருக்கும் அக்காவுக்கு முதல் நாள்தான் சொன்னாள், அதுவும் போனில் ஒரு செய்தியாக. அக்கா உடனே கூப்பிட்டு, “பார்சல் வருதுன்னு சொல்ற மாதிரி சொல்றியேடி” என்று ஆரம்பித்தாள். இரண்டாவது வாக்கியத்துக்குள் தங்கை போனை வைத்துவிட்டாள்.

அது அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே இருக்கும் வியாதி. யார் திட்ட ஆரம்பித்தாலும் டொக்கென்று ரிசீவரை வைத்துவிடுவாள். வீட்டில் அவளுக்கு ‘டொக்கு’ என்றே பெயர். ரிசீவர் போய் செல்போன் வந்த பிறகும் பெயர் போகவில்லை.

எட்டு மாதம் பேச்சே இல்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு, கம்ப்யூட்டரில் ஒரு படகு விளையாட்டிலிருந்து தங்கைக்கு அழைப்பு வந்தது. அனுப்பியது அக்கா. ஒரு வார்த்தை இல்லை, வெறும் அழைப்பு.

ஒரே படகில் இரண்டு பேர் உட்கார வேண்டிய விளையாட்டு. ஒருத்தி துடுப்புப் போட வேண்டும், இன்னொருத்தி படகைத் திருப்ப வேண்டும். ஆற்றில் பன்னிரண்டு வளைவுகள். எவளாவது ஒருத்தி இல்லையென்றால் படகு நேரே பாறைதான். அக்கா பேக்கரியில் கேக்கின் மேல் கிரீமால் பூ போடுகிறவள். கை நடுங்காது, திருப்புகிற வேலை அவளுக்கு. தங்கைக்குத் துடுப்பு. காதில் ஹெட்போன். ஞாயிறுதோறும் அதே நேரம் ஆட்டம். முதல் சில வாரங்கள் “இடது”, “வலது”, “பாறைடி” என்பதைத் தாண்டி ஒன்றும் பேசவில்லை. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக முழங்கால் வலி, பேக்கரி முதலாளியின் குறட்டை, தெருவில் புதிதாக வந்த நாய் என்று பேச்சு நீண்டது. கல்யாணத்தை மட்டும் இருவரும் தொடாமல் சுற்றிப் போனார்கள், ஆற்றின் நடுவே ஒரு பாறையைச் சுற்றிப் போவதைப் போல.

மூன்று வாரத்துக்கு முன் அக்கா அதைத் தொட்டாள். “அன்னிக்கு ஏன்டி அப்படி...” என்று தொடங்கியதுமே, திரையில் படகு உறைந்து நின்றது. நகர்ந்தது, மறுபடி நின்றது. அக்காவின் குரல் துண்டு துண்டாக வந்தது. கடைசியில் ‘இணைப்பு துண்டிக்கப்பட்டது’ என்று ஒரு வரி. மணி பதினொன்று பதினைந்து.

அடுத்த வாரமும் அதே நேரம், அதே பேச்சு, அதே வரி. அதற்கடுத்த வாரமும் அப்படியே. நெட் போய்விட்டது என்று தங்கை செய்தி அனுப்பினாள். அதை நம்ப அக்கா என்ன நேற்றுப் பிறந்தவளா? டொக்கு மறுபடி டொக்கென்று வைத்துவிட்டாள் என்றுதான் அவள் எடுத்துக்கொண்டாள். தங்கையாலும் அவளைக் குறை சொல்ல முடியவில்லை. தன்னுடைய சரித்திரம் அப்படி.

ஆக, ஞாயிற்றுக்கிழமைக்குள் கோளாறு எங்கே என்று கண்டுபிடித்தாக வேண்டும். கையில் இருப்பது ஆறு நாள்.

திங்கட்கிழமை மோடத்தை அணைத்து, முப்பது வரை எண்ணி, மறுபடி போட்டாள். செவ்வாய்க்கிழமை வைஃபையை விட்டுவிட்டு மோடத்திலிருந்து கம்ப்யூட்டருக்கு நேரே ஒயர் இழுத்தாள். புதன்கிழமை விளையாட்டையே அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றினாள். தினமும் சாயங்காலம் லேபிலிருந்து வந்ததும் ஒரு மணி நேரம் தனியாகத் துடுப்புப் போட்டுப் பார்த்தாள். படகு வெண்ணெய் மாதிரி போயிற்று. மோடத்தில் பச்சை விளக்கு கண் சிமிட்டாமல் நின்றது. நெட் கம்பெனிக்குப் போன் செய்தாள். “எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்கு மேடம்” என்று ஒரு பெண் இனிமையாகச் சொன்னாள். நாலு பேரிடம் மாற்றி மாற்றிப் பேசினாள், நாலு பேரும் அதே இனிமையோடு அதையே சொன்னார்கள்.

கணவனிடம் புலம்பினாள். அவன் லிஃப்ட் மெக்கானிக். அவர்கள் நாலாவது மாடியில் குடியிருக்கும் அந்தக் கட்டடத்தின் லிஃப்டும் அவன் பொறுப்புதான். நெட் கம்பெனிக்காரர்களின் பெட்டி மொட்டை மாடியில் இருக்கிறது. அங்கிருந்து வீட்டுக்கு ஒயர் கொண்டுவரச் சுவரில் துளை போட வேண்டும், அதற்கு அனுமதி வாங்கப் பத்து நாள் ஆகும் என்று குடிவந்த புதிதில் சொன்னார்கள். “பத்து நாளா? மோட்டார் ரூம் சாவியே என்கிட்ட இருக்கே” என்று அவன் அரை மணி நேரத்தில் ஒயரை இறக்கிக் கொடுத்துவிட்டான். அந்தப் பெருமை அவனுக்கு இன்னும் குறையவில்லை. ஒயரைப் பற்றி மட்டும் சந்தேகப்படாதே, நாலு இடத்தில் கட்டியிருக்கிறேன், கட்டடம் விழுந்தாலும் அது விழாது என்று சொல்லிவிட்டான்.

வெள்ளிக்கிழமை லேபுக்கு ஒரு பல்செட் திரும்பி வந்தது. கடிக்கும்போது குத்துகிறதாம். தங்கை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், ஒரு குறையும் தெரியவில்லை. தெரியாது என்பதும் அவளுக்குத் தெரியும். வாய் திறந்திருக்கும்போது எந்தப் பல்செட்டும் நல்ல பல்செட்தான். மையிட்ட தாளை நடுவே வைத்து மேல்வரிசையையும் கீழ்வரிசையையும் கடிக்கவிட்டால்தான், எந்த இடம் இடிக்கிறதோ அங்கே நீலப் புள்ளி விழும்.

தாளை வைத்து அழுத்தியவள் அப்படியே நின்றுவிட்டாள். இந்த ஐந்து நாளும் தான் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு அல்லவா சோதனை பண்ணியிருக்கிறோம்! கடிக்கிறது ஞாயிற்றுக்கிழமை காலையில். அன்றைக்குத்தான் தாளை வைக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பதே முக்காலுக்கே அவள் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். விளையாட்டைத் திறக்கவில்லை. கறுப்புத் திரையில், நெட்டில் ஒரு தகவல் போய்வர எத்தனை மில்லிசெகண்ட் எடுக்கிறது என்று நொடிக்கொரு எண் விழும்படி வைத்தாள். இருபத்து மூன்று, இருபத்து நாலு, இருபத்து மூன்று. கணவன் சோபாவில் நீட்டிப் படுத்துப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தான்.

பத்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது எண் நானூற்றுப் பத்துக்குத் தாவியது. அப்புறம் தொள்ளாயிரம். அப்புறம் எண்ணே இல்லை, ‘பதில் வரவில்லை’ என்று வரிசையாக. மோடத்தில் சிவப்பு விளக்கு.

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தாள். ஃபிரிட்ஜ் ஓடவில்லை, மிக்சி ஓடவில்லை. தலைக்கு மேலே எங்கோ ‘டிங்’ என்று ஒரு மணிச் சத்தம் கேட்டது. கதவு திறக்கும் சத்தம், குழந்தைகளின் காலடிகள், யாரோ எதையோ தரையில் இழுக்கும் சத்தம்.

ஐந்தாவது மாடி. வருஷக்கணக்கில் காலியாகக் கிடந்த வீடு. ஒரு மாதத்துக்கு முன்புதான் ஓர் இசை டீச்சர் ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கென்று அதை எடுத்திருக்கிறார். மற்ற ஆறு நாளும் பூட்டு.

இரண்டு நிமிஷத்தில் விளக்கு பச்சையாயிற்று. எண்கள் இருபத்து மூன்றுக்கு வந்தன. மறுபடி லிஃப்ட் கீழிருந்து கிளம்பும் உறுமல். அவள் வாசலுக்கு ஓடி, லிஃப்ட் கதவின் மேலிருந்த எண்ணைப் பார்த்தாள். இரண்டு, மூன்று, நாலு. திரும்பிக் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். இருபத்து மூன்று. லிஃப்ட் நாலைத் தாண்டியது.

நானூற்றுப் பத்து.

“என்னங்க,” என்றாள், குரலை உயர்த்தாமல். “ஒயரை எந்த வழியா இறக்குனீங்க?”

பேப்பர் கீழே இறங்கியது. “லிஃப்ட் போற வழியாதான். வேற எப்படி? அஞ்சாவது மாடிக்குத்தான் யாரும்...”

சொல்லிக்கொண்டிருந்தவன் பாதியில் நிறுத்தினான். அவன் முகம் போன போக்கைப் பார்க்க அவளுக்குப் பாவமாகக்கூட இருந்தது. லிஃப்ட் ஓடும் குழிக்குள் லிஃப்டைச் சேராத எந்த ஒயரும் போகக்கூடாது என்பது அவன் தொழிலில் முதல் பாடம். புதிதாகச் சேரும் ஆட்களிடம் அதைச் சொல்லிக் கத்துகிறவனே அவன்தான்.

டூல் பையோடு மேலே போனவன் பத்தே முக்காலுக்கு, காதோரம் கிரீஸோடு இறங்கி வந்தான். நாலு கட்டுகளில் ஒன்று அறுந்து, ஒயர் தொப்பை போட்டுத் தொங்குகிறது. லிஃப்ட் ஒவ்வொரு முறை மேலே போகும்போதும் உரசி உரசி, தோல் உரிந்து, உள்ளே இரண்டு இழைதான் பாக்கி. மாற்றுவதற்கு இரண்டு மணி நேரமாவது வேண்டும். இப்போது கை வைத்தால் அந்த இரண்டு இழையும் போய்விடும்.

“தொடாம விட்டா?”

“தொடாம விட்டா தாங்கும். லிஃப்ட் மட்டும் அசையக்கூடாது.”

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். அப்புறம் அவனைப் பார்த்தாள். எத்தனையோ கல்யாணங்களில் எத்தனையோ மணி நேரச் சண்டை செய்யாத வேலையை அந்த ஒரு பார்வை செய்தது. அவன் மெயின் சுவிட்சை அணைத்து, ‘பழுது’ என்ற மஞ்சள் பலகையைக் கீழே மாட்டப் போனான்.

சரியாகப் பதினோரு மணிக்குப் படகு கிளம்பியது. அக்கா ‘என்னடி’ என்றுகூடக் கேட்கவில்லை. இடது, வலது, பாறை, இடது. முதல் வளைவு, இரண்டாவது, மூன்றாவது. தங்கை துடுப்பைப் போட்டபடியே, கோளாறைக் கண்டுபிடித்த கதையைச் சொல்லப் பார்த்தாள். அக்கா, “முதல்ல ஓட்டு” என்று வெட்டிவிட்டாள்.

பதினொன்று பத்துக்குப் படிக்கட்டில் சத்தம் கேட்டது. பதினொன்றேகால் வகுப்பு வந்துவிட்டது. கீழே இறங்கி வந்திருந்த டீச்சர், லிஃப்ட் எப்படித் திடீரென்று நிற்கும், இந்தக் கருவிகளை யார் தூக்குவது, புகார் எழுதுகிறேன் என்று படபடவெனப் பொரிந்தார். கணவனின் குரல் மிகவும் பணிவாகப் பதில் சொன்னது. “நான் தூக்கிட்டு வரேன் டீச்சர். எல்லாத்தையும் நானே தூக்கிட்டு வரேன்.” கொஞ்ச நேரத்தில், ஆள் உயரத்துக்கு ஒரு வயலின் மாதிரி இருந்த பெட்டியை முதுகில் சுமந்துகொண்டு அவன் திறந்திருந்த வாசலைக் கடந்து போவது தெரிந்தது. பெட்டிக்குக் கீழே இரண்டு கால்கள் மட்டும் தள்ளாடின.

ஏழாவது வளைவைத் தாண்டினால் ஆறு அகலமாகி அமைதியாக ஓடும். அக்கா அங்கேதான் ஆரம்பிப்பாள். ஆரம்பித்தாள்.

“அன்னிக்கு ஏன்டி அப்படிப் பண்ணின?”

தங்கையின் கண் மோடத்துக்குப் போயிற்று. மணி பதினொன்று பதினைந்து. பச்சை. மூச்சு விடாமல் ஐந்து வரை எண்ணினாள். பச்சையேதான்.

அக்கா திட்டினாள். எட்டு மாதமும் மூன்று வாரமும் சேர்த்து வைத்ததை ஒன்று விடாமல் எடுத்துப் போட்டாள். ஒரு மாலை வாங்கித்தரக்கூட எனக்குக் கொடுத்து வைக்கவில்லையா, சாட்சிக் கையெழுத்துப் போட ஊர் பேர் தெரியாதவர்கள் கிடைத்தார்கள், நான் கிடைக்கவில்லையா, அன்றைக்குப் பேக்கரியில் யாருடைய கல்யாணத்துக்கோ மூன்றடுக்குக் கேக்கில் பூ வைத்துக்கொண்டு நான் என்ன பாடுபட்டேன் தெரியுமா என்று குரல் எங்கும் உடையாமல், எங்கும் துண்டாகாமல், ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகக் காதில் விழுந்தது. இத்தனை நல்ல சிக்னலில் யாரும் யாரையும் திட்டியிருக்கமாட்டார்கள்.

பழைய வியாதி எட்டிப் பார்க்காமல் இல்லை. எஸ்கேப் பட்டன் பக்கம் தங்கையின் விரல் ஒரு தடவை தானாகவே போயிற்று. துடுப்பு நின்றது. படகு லேசாகத் திரும்பத் தொடங்கியது. அவள் விரலை இழுத்துக்கொண்டு மறுபடி துடுப்பைப் போட்டாள்.

எட்டாவது வளைவில் அக்கா நிறுத்தினாள்.

“இருக்கியா?”

“இருக்கேன்கா.”

“நெஜமாவே நெட்டுதானா, இத்தனை நாளும்?”

“நெஜமாவே நெட்டுதான்கா.” தங்கை துடுப்பை நிறுத்தாமல் சொன்னாள். “உன்னைக் கூப்பிட்டா வந்திருவே, வந்தா அவரைப் பிடிக்கலைன்னு சொல்லிருவியோன்னு பயம். அதான் முன்னாடியே சொல்லல. தப்புதான்.”

அக்கா மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. மார்பிலிருந்து ஒரு பெரிய கல் உருண்டு இறங்கியதைப் போலத் தங்கை நாற்காலியில் சாய்ந்தாள். திட்டை முழுக்கக் கேட்டு முடித்தால் இவ்வளவு லேசாக இருக்கும் என்று இத்தனை வருஷம் யாரும் அவளிடம் சொல்லவில்லை. சொல்லத்தான் எங்கே விட்டாள்?

பன்னிரண்டாவது வளைவைத் தாண்டிப் படகு முதல் தடவையாகக் கரையில் முட்டி நின்றது. திரையில் பட்டாசு வெடித்தது. அதை இருவருமே கவனிக்கவில்லை.

“அடுத்த வாரம் லீவு சொல்லியிருக்கேன்,” என்றாள் அக்கா. “வந்து உன் ஆளைப் பார்த்துட்டுப் போறேன். எந்த மாடி? லிஃப்ட் இருக்கில்ல? என் முழங்கால் இருக்கிற லட்சணத்துக்கு ஏற முடியாதுடி.”

அப்போதுதான் கணவன் உள்ளே வந்து, சட்டையெல்லாம் வியர்வையில் நனைந்திருக்க, தரையிலேயே உட்கார்ந்து, இரண்டு தொடைகளையும் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தான். மேலே யாரோ அந்தப் பெரிய வயலினில் ஒரே ஒரு நீண்ட அபஸ்வரத்தை இழுத்தார்கள். தங்கை ஹெட்போனை ஒரு காதிலிருந்து நகர்த்திவிட்டு, அக்கா அடுத்த வாரம் வருகிறாளாம், லிஃப்ட் இருக்கிறதா என்று கேட்கிறாள் என்றாள்.

அவன் மூச்சு வாங்கியபடியே கையை உயர்த்தினான்.

“இருக்குன்னு சொல்லு. நாளைக்கே சுவத்துல ஓட்டை போட அனுமதி கேட்டு எழுதிக் கொடுத்துடறேன்.”